கெர்னல் கேள்விகள்

கேள்வி: சி மொழி ஓரளவு தெரியும். லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு மாட்யூல், அதாவது அதனுடன் சேர்த்து ஏற்றும் துணுக்கு, எழுதினேன். பிரிண்ட்எஃப் போட்டால் கம்பைலே ஆகவில்லை. ஏன்?

பதில்: பிரிண்ட்எஃப் சி லைப்ரரியில் உள்ள ஃபங்ஷன். திரையில் எழுத அந்த லைப்ரரியே கெர்னலிடம்தான் கையேந்துகிறது! கெர்னலுக்குள் அது கிடையாது. பிரிண்ட்கே பயன்படுத்துங்கள். செய்தி கெர்னலின் லாக் பஃபருக்குப் போகும். டிமெசேஜ் (dmesg) கட்டளை கொடுத்தால் தெரியும். நினைவகம் கேட்க மாலாக்குக்குப் பதில் கேமாலாக். புள்ளி வைத்த எண்களின் (ஃப்ளோட்டிங் பாயின்ட்) கணக்குப் பக்கம் போகவே வேண்டாம். அப்புறம் ஸ்டாக், அதாவது ஃபங்ஷனுக்குள் வைக்கும் மாறிகளுக்கான நினைவகம்: 64 பிட் இன்டெல் கணினியில் பொதுவாக 16 கேபி மட்டுமே. ஃபங்ஷனுக்குள் பெரிய அரே வைத்தால் கதை முடிந்தது. புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான் என்பேன்.

கேள்வி: சொந்த லேப்டாப்பிலேயே சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சாதாரண ப்ரோக்ராமில் பாயின்டர் தவறினால் அது மட்டும் சாகும். இங்கே கணினியே உறையலாம், ஃபைல்களும் கெடலாம். கியூஎமு என்ற மென்பொருள் கணினிக்குள் ஓட்டுங்கள், பிழை தேட உதவும் ஜிடிபியை இணைத்து வரி வரியாகவும் பார்க்கலாம்.

கேள்வி: லினக்ஸ் சோர்ஸை முதலிலிருந்து படிக்கலாமா?

பதில்: கோடிக்கணக்கான வரிகள், சாமி! எம்ஐடி மாணவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 போதும். யுனிக்ஸ் ஆறாம் பதிப்பைத் தழுவிய சின்னக் கெர்னல் அது. நானாக இருந்தால் ஒரு சிஸ்டம் கால், அதாவது ப்ரோக்ராம் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை, உள்ளே போய்த் திரும்பும் பாதையை முதலில் படிப்பேன். ஃபைல் சிஸ்டம் காத்திருக்கட்டும்.

கேள்வி: சிக்குப் பதில் ரஸ்ட் மொழி கற்றால் போதுமா?

பதில்: 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல்தான் ரஸ்ட் நுழைந்தது. பெரும்பகுதி இன்னும் சிதான். முதலில் சி.