டோமாஸ் ரிவேரா ஒரே ஒரு நாவல்தான் எழுதினார், அப்புறம் ஏன் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

நாவல் ஒன்றுதான், ஆனால் மெக்சிகோ வழி அமெரிக்கர்களின் இலக்கியத்துக்கு அது அடித்தளம். ரிவேரா 1935-ல் டெக்சாஸின் கிரிஸ்டல் சிட்டியில் பிறந்தவர். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். அறுவடைக் காலம் வந்தால் குடும்பமே வடக்கே அயோவா பக்கம் கூலி வேலைக்குக் கிளம்பிவிடும். பள்ளிக்கூடம் அதற்கப்புறம்தான்.

ஸ்பானிஷில் எழுதிய 'நிலம் அவனை விழுங்கவில்லை' 'கின்டோ சோல்' என்ற பதிப்பகம் 1970-ல் முதன்முறையாக வழங்கிய இலக்கியப் பரிசை வென்று, 1971-ல் புத்தகமானது. நாவல் என்றாலும் துண்டு துண்டான சிறுகதைகள்தான். நாயகச் சிறுவனுக்குப் பெயரே கிடையாது. வயல் வெயிலில் அப்பா சுருண்டு விழுகிறார், பிறகு தம்பியும். ஆத்திரத்தில் பையன் கடவுளைச் சபிக்கிறான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடும் என்று நடுங்குகிறான். காலடி மண்ணோ கெட்டியாகவே இருக்கிறது. புலம்பலே இல்லாமல் இதைச் சொன்னதுதான் அவர் சாமர்த்தியம்.

1969-ல் ஓக்லஹோமாவில் முனைவர் பட்டம். 1979-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத் தலைவர். நிர்வாக வேலைதான் எழுத்து நேரத்தைத் தின்றிருக்கும் என்பது என் கணிப்பு. 1984-ல், 48 வயதில் மாரடைப்பில் இறந்தார். அந்த வளாக நூலகத்துக்கு இன்று அவர் பெயர்தான்.