அராடோ 234: சக்கரமே இல்லாம ஆரம்பிச்ச ஜெட் பாம்பர் (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, அராடோ 234 ஆரம்பத்துல பாம்பரே இல்லைங்கிறாங்களே, நிஜமா?

நிஜம்தான் தம்பி. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஜெர்மனி கட்டின ஜெட் விமானம் இது. 1940 கடைசில ஜெர்மன் விமான அமைச்சகம் கேட்டது உளவு பாக்குற ஜெட், குண்டு போடுற பாம்பர் இல்ல. உயரமா வேகமா ரொம்ப தூரம் போய் போட்டோ எடுத்துட்டு வந்துடணும், அவ்ளோதான். தூரம் போகணும்னா எரிபொருள் நிறைய வேணும், ரெக்கையோ மெல்லிசு, அதனால அந்த ஒல்லி உடம்பு பூரா டேங்க்கா வெச்சுட்டாங்க, சக்கரத்தை மடக்கி வைக்க இடமே இல்லாம போச்சு. பின்னாடி வந்த பாதி தலைவலிக்கு இந்த ஒரு முடிவுதான் காரணம்னு நான் அடிச்சு சொல்வேன்.

கேள்வி: சக்கரம் இல்லாம எப்படி சார் மேல ஏறும், எப்படி இறங்கும்?

மூணு சக்கர டிராலி மேல உக்கார வெச்சு ஓடவிட்டு ஏத்துவாங்க, இறங்கும்போது வயித்துக்கு அடியில இருக்குற சறுக்குக் கட்டையில தேச்சுக்கிட்டே வந்து நிக்கும். 1943 ஜூலை 30 அன்னிக்கு ஜெர்மனில ரைனே விமானத்தளத்துல ஹார்ஸ்ட் ஸெல்லேங்கிற டெஸ்ட் பைலட் முதல் தடவை ஓட்டினார், விமானம் நல்லாதான் பறந்துச்சு, ஆனா மேல போனதும் கழட்டிவிட்ட டிராலியோட பாராசூட் சரியா விரியாம அது கீழ விழுந்து நொறுங்கிடுச்சு. அப்புறம்தான் விமானம் தரையை விட்டு எழும்புற நேரத்துலயே டிராலியை ரன்வேலயே விட்டுடறதுன்னு மாத்தினாங்க.

ஸெல்லே பாவம், அதே வருஷம் அக்டோபர் 2ல சோதனைக்குக் கட்டின ரெண்டாவது மாதிரி விமானத்தை டெஸ்ட் பண்ணும்போது இடது ரெக்கையில தீப்பிடிச்சு விமானத்தோடவே விழுந்து இறந்துட்டார். இந்த விமானத்தைப் பத்திப் பேசுறவங்க வேகத்தைத்தான் சொல்றாங்க, அவர் பேரைச் சொல்றவங்க கம்மி, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

கேள்வி: டிராலி வேலை செஞ்சுதுல்ல, அப்புறம் ஏன் பி மாடல்னு ஒண்ணு?

இறங்கினதுக்கு அப்புறம் யோசிச்சுப் பாருங்க. விமானம் ரன்வே நடுவுல வயித்தால படுத்துக் கிடக்கும், தானா ஒரு அடி நகராது, ஆளுங்க வந்து தூக்கி மறுபடி டிராலில ஏத்தினாதான் உண்டு, அதுவரைக்கும் பின்னாடி வர்றவன் எங்க இறங்குவான், அந்த நேரத்துல எதிரி விமானம் வந்தா கதி என்ன? 1944ல எரிக் ஸோமர்னு ஒரு பைலட் பழைய டிராலி வகை ஒண்ணை ஃப்ரான்ஸ்ல ஜூவங்கூருக்கு ஓட்டிட்டுப் போனார், அரை நாள்ல முடியுற வேலை, ஆனா டிராலி ரயில்ல வந்து சேரணும்னு ஒரு வாரம் கிட்ட காத்துக் கிடந்து ஆகஸ்ட் 2லதான் நார்மண்டி மேல பறந்து போட்டோ எடுத்தார். ஜெட் விமானம் ரயிலுக்காக வெயிட் பண்ணுது, சொல்லுங்க!

பி மாடல்ல நடு டேங்க்கை எடுத்துட்டு, முன்னாடி பின்னாடி டேங்க்கை பெருசாக்கி, உடம்பையும் லேசா அகலப்படுத்தி அந்த இடத்துல சக்கரத்தை வெச்சாங்க. ஒன்பதாவது மாதிரிதான் அப்படி வந்த முதல் விமானம், 1944 மார்ச்ல பறந்துச்சு. உடம்புக்குள்ளயே மடங்குறதால ரெண்டு சக்கரமும் ரொம்ப கிட்டகிட்ட இருக்கும்.

கேள்வி: ஒரே ஆள் ஓட்டிக்கிட்டே குண்டும் போடணுமா?

ஆமா, ஒரே ஆள்தான். உளவுக்குன்னு ஆரம்பிச்சாலும் பி மாடலை குண்டு போடவும் வெச்சுக்கிட்டாங்க. குண்டை உள்ள வைக்க இடம் கிடையாது, உடம்புக்கும் என்ஜினுக்கும் அடியில தொங்கவிடணும், அதிகபட்சம் 1500 கிலோ. உயரத்துல நேரா போய் போடணும்னா பைலட் ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு, கண்ட்ரோல் தண்டை கழட்டி ஓரமா ஒதுக்கிட்டு, ரெண்டு காலுக்கும் நடுவுல இருக்குற லோட்ஃபே குறிபார்வைக் கருவில குனிஞ்சு கண்ணை வெச்சுக்குவார், அங்க திருகுற திருகுக்கு ஆட்டோபைலட் விமானத்தைத் திருப்பும். சரிவா இறங்கிப் போடுறதுக்கு தலைக்கு மேல ஒரு பெரிஸ்கோப். எதிரி ஃபைட்டர் சுத்துற வானத்துல தனியா குனிஞ்சு உக்காந்திருக்கணும், நினைச்சாலே திக்குனு இருக்கு.

கேள்வி: என்ஜின் அடிக்கடி போயிடுமாமே?

போகும். இதுல இருந்த யூமோ 004 ஜெட் என்ஜினுக்கு ஆயுசே பத்துலேருந்து இருபத்தஞ்சு மணி நேரம்தான், சூடு தாங்குற நல்ல உலோகம் அப்ப ஜெர்மனில தட்டுப்பாடு. த்ராட்டிலை படக்குனு தள்ளினா ஓவரா சூடாயிடும் இல்லாட்டி அணைஞ்சுடும். ஸ்டார்ட் பண்ண காத்து உள்ள போற வாய்க்குள்ள ரீடல்னு ஒரு குட்டி ரெண்டு ஸ்ட்ரோக் மோட்டார் இருக்கும், அது மக்கர் பண்ணினா கடைல ஜெனரேட்டர் கயிறு இழுக்குற மாதிரி கைப்பிடியைப் புடிச்சு இழுத்துதான் கிளப்பணும்.

கேள்வி: போர்ல என்ன சாதிச்சுது?

1944 டிசம்பர் 24, ஜெர்மன் விமானப்படையோட கேஜி 76 படைப்பிரிவு லூகெஷ்ங்கிற பைலட் தலைமையில பெல்ஜியத்துல லியேஜ் நகரம் மேல குண்டு போட்டுது, அதுதான் முதல் குண்டுவீச்சு. 1945 மார்ச்ல ஜெர்மனில ரைன் ஆத்து மேல இருந்த ரெமாகன் பாலத்தை உடைக்க திரும்பத் திரும்ப அனுப்பினாங்க, அமெரிக்கப் படை அதுக்குள்ள கடந்து போயிடுச்சு. மொத்தம் 200 சொச்சம்தான் கட்டினாங்க. போர் போக்கை மாத்தினுச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: நேர்ல பாக்க முடியுமா?

ஒண்ணே ஒண்ணு மிஞ்சியிருக்கு, பி மாடல்தான். நார்வேல ஸோலா தளத்துல பிரிட்டிஷ்காரங்க கைக்கு வந்து, அப்புறம் கப்பல்ல அமெரிக்கா போச்சு, இப்போ வாஷிங்டன் பக்கத்துல ஸ்மித்ஸோனியனோட உட்வார் ஹேஸி மையத்துல இருக்கு.

கேள்வி: நாலு என்ஜின் போட்டதும் உண்டாமே அண்ணா?

சி மாடல். யூமோ எல்லாம் மெஸ்ஸர்ஷ்மிட் 262ங்கிற ஜெட் ஃபைட்டருக்குப் போயிட்டதால பிஎம்டபிள்யூ 003ங்கிற வேற ஜெட் என்ஜின் நாலு போட்டுப் பாத்தாங்க. ஆறாவது மாதிரில நாலு என்ஜினும் ரெக்கைக்கு அடியில தனித்தனி கூட்டுல, எட்டாவதுல ரெட்டை ரெட்டையா சேத்து. ரெட்டைதான் தேறுச்சு, சி மாடலுக்கும் அதையே எடுத்துக்கிட்டாங்க. ஆனா கொஞ்சம் விமானம் வெளிய வர்றதுக்குள்ள போரே முடிஞ்சுடுச்சு.