எல்லோரும் சமம் என்கிற ஸ்டார்ட்அப்பில் கூட்டக் குறிப்பு எழுதுவது மட்டும் ஏன் பெண்களின் வேலையாகிறது?

நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பதிப்பு சார்ந்த ஸ்டார்ட்அப் ஒன்றில் வேலை பார்க்கிறீர்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதும் கோபித்துக்கொண்ட எழுத்தாளரைச் சமாதானப்படுத்துவதும் உங்கள் தலையில் விழுகின்றன, அது ஏன் என்பது ஒன்று. ஊக்கமே போய்விட்டது, எப்படி மீட்பது என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. நான் ஆண், குறிப்பு எழுதாத தரப்பில் உட்கார்ந்திருந்தவன். இவன் கைதட்டல் வாங்க வந்திருக்கிறான் என்று நினைப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் வேலை பார்த்தது, அச்சில் இல்லாத பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் ஒரு ஸ்டார்ட்அப்பில். மொத்தம் ஆறு பேர். என் பதவி தொழில்நுட்பத் தலைவர். நான் தலைமை தாங்க என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது. ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருளோடு மல்லுக்கட்டுவது என் வேலை. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை எல்லாம் வேறு வடிவில் இருக்கும், மென்பொருள் திணறும். துணைக்காலையும் ரகரத்தையும் போட்டுக் குழப்பும். இதைச் சரிசெய்வதைப் பெரிய சாதனை என்று நினைத்திருந்தேன். ஓரளவு சாதனைதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்னோடு சேர்ந்த பெண்ணுக்கு அலுவலக ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. உண்மையில் அவர் செய்தது உரிமை வாங்கும் வேலை. அரசு உரிமையை வாங்கி நாட்டுடைமையாக்கிய நூல் என்றால் யாரும் வெளியிடலாம். மற்றவற்றுக்கு, ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம். ஒரு நூலுக்கு நான்கு வாரிசுகள் இருப்பார்கள், அதில் இருவருக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அண்ணன் கையெழுத்திட்ட தாளைத் தம்பி தொட மாட்டார். யாரை எந்த நேரத்தில் அழைக்கலாம், யாரிடம் யார் பெயரை எடுக்கக் கூடாது என்றெல்லாம் அந்தப் பெண் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். "பெண் குரல் என்றால் இறங்கிவருவார்கள்" என்பார் நிறுவனர். நானும் தலையாட்டினேன். அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் என் மென்பொருளுக்குத் தின்னக் கொடுக்க ஒரு பக்கம்கூடக் கிடைத்திருக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஊழியர்களுக்கு நிறுவனப் பங்கு ஒதுக்கும் பட்டியல் வந்தது. நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாது என்ற வழக்கமான ஏற்பாடு. என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. ஆதரவுப் பணிகளுக்குப் பங்கு கிடையாதாம். அன்றைய கூட்டக் குறிப்பையும் அவர்தான் எழுதினார், தன் பெயர் இல்லாத பட்டியலையும் சேர்த்து.

அதற்குப் பின் சொன்ன வேலையை மட்டும் செய்தார். நிறுவனரோ அவருக்கு ஊக்கம் குறைந்துவிட்டது என்று கவலைப்பட்டு, தன்னம்பிக்கைப் பேச்சுக் காணொளிகளை அனுப்பிவைத்தார்! இரண்டே மாதத்தில் அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

பெண்களின் இயல்பே அப்படி, தாமாகவே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்று உங்கள் கேள்விக்குப் பதிலாக ஒருவர் எழுதியிருக்கிறார். அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் லிண்டா பாப்காக் உள்ளிட்ட நால்வர் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு. யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு மற்ற இருவரைவிடக் குறைந்த பணம். ஒருவருமே அழுத்தாவிட்டால் மூவருக்கும் அதைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள்தான் அதிகம் அழுத்தினார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களிலோ ஆண்கள் தயங்காமல் அழுத்தினார்கள், பெண்கள் மட்டும் இருந்த குழுக்களின் அளவுக்கே. பெண் பக்கத்தில் இருந்தால்தான் ஆண்களான எங்களுக்குக் கை நீளாமல் போகிறது. ஆய்வகமும் அலுவலகமும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எனக்குத் தெரியும்.

ஆகவே ஊக்கத்தைத் தேடி அலையாதீர்கள். ஒரு மாதம், உங்கள் பதவிப் பெயருக்குள் அடங்காத வேலைகளை மணிக்கணக்கோடு எழுதிவையுங்கள். அடுத்த கூட்டத்தில் அதையே கூட்டக் குறிப்பில் முதல் வரியாகச் சேருங்கள். குறிப்பு எழுதுபவருக்கு உள்ள ஒரே அதிகாரம் அது.

அந்தப் பெண் போனதும் உரிமை வேலையும் மெய்ப்புப் பார்ப்பதும் என்னிடம் வந்தன. மெய்ப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: முந்நூறு பக்கம் சுத்தமாக இருந்தால் வாசகர்கள் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், ஓர் ஒற்று விடுபட்டால் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதுவார்கள். அவர்கள் கடிதத்திலேயே நான்கு ஒற்றுகள் இருக்காது. சரி, அது வேறு கதை.

ஒரு எழுத்தாளரின் மகளை அழைத்தேன். "அந்தப் பெண் எங்கே தம்பி? அவள் சொன்னால்தான் கையெழுத்து" என்றார். வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணிடமே உதவி கேட்டேன். பத்து நிமிடம் பேசி முடித்துக்கொடுத்தார். நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் வர வேண்டும் என்று நிறுவனரோடு சண்டை போட்டேன். வந்தது, இனிஷியல் தவறாக. மெய்ப்புப் பார்த்தது நான்தான்.