இரண்டு நிமிடம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து 18 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறோம். லெத்வே என்ற பர்மியக் குத்துச்சண்டை ஆடும் பத்தொன்பது வயதுப் பையனும் அவனைப் பழக்கிய எழுபத்தைந்து வயதுத் தாத்தாவும்தான் கதை. பகோடா திருவிழா ஆட்டத்தில், ஐந்தாவது ரவுண்டில், பேரன் மயங்கி விழுகிறான். தாத்தா டைம் (இரண்டு நிமிட அவகாசம்) கேட்டு, தண்ணீர் ஊற்றி எழுப்புகிறார். 1964இல் சொந்தபந்தமெல்லாம் பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியபோது தான் மட்டும் இங்கேயே நின்றது அவருக்கு ஞாபகம் வருகிறது. பேரன் எழுந்து போய் எதிராளியைச் சாய்க்கிறான். பையனாக நடிப்பவன் நிஜ ஆட்டக்காரன். திரைக்கதையைப் படித்த நண்பர்கள் கண் கலங்கினார்கள். என் அக்கா மட்டும், "இந்தத் தாத்தாவை எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. முடிவை மாற்ற வேண்டுமா?

எம்., மோல்மீன்

அன்புள்ள எம்.,

திரைக்கதையை முழுக்கப் படித்தேன். அக்கா சொன்னதுதான் சரி. எனக்கும் அந்தத் தாத்தாவைப் பிடிக்கவில்லை.

முதலில் ஒரு திருத்தம். ஐந்தாவது ரவுண்டில் டைம் கேட்க முடியாது. அவன் விழுவதை நாலாவதுக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றினால் எழுந்தவனுக்கு முன்னால் இன்னும் ஒரு முழு ரவுண்ட் காத்திருக்கும், அதுவும் கதைக்கு நல்லது.

லெத்வே பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையுறை கிடையாது. காஸ் துணியும் பிளாஸ்திரியும் சுற்றிய வெறும் முஷ்டிதான். முழங்கை, முழங்கால் எல்லாம் உண்டு, தலையால் முட்டவும் செய்யலாம். மூன்று நிமிடம் வீதம் ஐந்து ரவுண்ட். பழைய முறை ஆட்டத்தில் புள்ளிக் கணக்கு இல்லை. கடைசி மணிவரை இருவரும் நின்றுவிட்டால் சமன். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி: மயங்கி விழுந்தவனுக்காக அவன் தரப்பு ஒரே ஒருமுறை இரண்டு நிமிடம் கேட்கலாம். அதற்குள் அவன் எழுந்தால் ஆட்டம் தொடரும். மற்ற குத்துச்சண்டையில் நடுவர் பத்து எண்ணியதோடு எல்லாம் முடிந்துவிடும். இங்கே முடிவு மூலையில் நிற்கிற ஆளின் கைக்கு வருகிறது. உங்கள் கதையில் அந்த ஆள் தாத்தா.

ஒலிம்பிக் முறைக் குத்துச்சண்டையில் ஒரு பையன் தலையில் அடி வாங்கி நாக்அவுட் ஆனால், குறைந்தது 30 நாள் ஆடக்கூடாது, பயிற்சியில்கூட மோதக்கூடாது. மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே முப்பது நாள், இங்கே இரண்டு நிமிடம். உங்கள் படம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நீங்களோ அதை இருபது நொடியில், ஒரு வாளித் தண்ணீரோடு கடந்துவிட்டீர்கள். தாத்தா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அக்காவுக்கு உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு நிமிடத்தை இரண்டு நிமிடமாகவே எடுங்கள், வெட்டாமல். பேரன் கண் திறக்கிறான். "நான் நல்லா இருக்கேன்" என்கிறான். கை கால் எல்லாம் அசைகிறது. "எத்தனாவது ரவுண்ட் தாத்தா?" என்று கேட்கிறான். "நாலு" என்கிறார். வாய் கொப்பளித்துத் துப்புகிறான், எதிராளியைப் பார்த்து முறைக்கிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அப்புறம் திரும்பி, "எத்தனாவது ரவுண்ட் தாத்தா?" என்கிறான். தலையில் அடிபட்டவர்கள் இப்படித்தான், கேட்டதையே மறுபடி கேட்பார்கள். கூட்டத்துக்கு அது காதில் விழாது. தாத்தாவுக்கு மட்டும் விழும். ஹ்னே குழலும் மேளமும் களத்தில் ஒலிப்பதே போதும், நீங்கள் தனியாக இசை சேர்க்க வேண்டாம்.

1964 காட்சியை எடுத்துவிடுங்கள். கணக்குப் பாருங்கள்: இன்று எழுபத்தைந்து என்றால் அப்போது அவருக்குப் பதினான்கு, பதினைந்து வயது. கடைகள் நாட்டுடைமையாகி, அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போன நேரத்தில், போவதா இருப்பதா என்று முடிவு செய்தது அவருடைய அப்பாவாகத்தான் இருந்திருக்கும். இருந்துவிட்ட எத்தனையோ குடும்பங்களுக்குப் பிடிமானமாக ஒரு துண்டு நிலம் இருந்தது, இல்லையென்றால் கப்பல் கூலிக்கு வழியில்லாமல் இருந்தது. போனவர்கள் யாரும் தோற்று ஓடவில்லை. இதைக் கொண்டுபோய் ஒரு பையன் விழுந்து எழுவதோடு முடிச்சுப் போட்டால், இருந்தவர்களுக்கும் அநியாயம், போனவர்களுக்கும் அநியாயம்.

தாத்தாவின் கடந்த காலம் வேண்டுமென்றால் அது உங்களிடமே இருக்கிறது. பேரனுக்குக் கை கட்டிவிடும் காட்சி, திரைக்கதையிலேயே மிக நல்ல பக்கம் அது. காஸைச் சுற்றுகிறார், பிளாஸ்திரியைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். பேரன் முஷ்டியை மூடித் திறந்து, "இறுக்குது" என்கிறான். ஒரே ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து மறுபடி கட்டுகிறார். அவர் விரல்கள் முழுதாக மடங்காது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். மணல் களத்தில் ஆடிய காலத்தை அந்த விரல்களே சொல்லிவிடும். அந்தக் காட்சிக்கு மூன்று நிமிடம் கொடுத்தாலும் தகும்.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். நானாக இருந்தால் தாத்தாவைத் துண்டைப் போட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வைப்பேன். ஆனால் பேரன் அதற்கு நன்றி சொல்லக்கூடாது. அவனுக்குக் கோபம் வர வேண்டும். "ஜெயிச்சிருப்பேன், உன்னை யார் போடச் சொன்னது?" என்று எல்லார் முன்னாலும் கத்தட்டும். தாத்தாவுக்கு அங்கே பெரிய வசனம் எதுவும் எழுதாதீர்கள். பத்தொன்பது வயதில் அந்தப் பையனுக்கு அது புரியாது, புரிந்த மாதிரி காட்டினால் பொய்யாகிவிடும்.

இன்னொன்று. நடிக்கப்போகிற பையன் நிஜ ஆட்டக்காரன் என்கிறீர்கள். அவன் கடைசியாக எப்போது அடி வாங்கி விழுந்தான் என்று படப்பிடிப்புக்கு முன்பே கேளுங்கள். சமீபத்தில் என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். விழும் காட்சியில் பிரேமுக்கு வெளியே தடித்த மெத்தை போட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் எடுங்கள். இரண்டு டேக்குக்கு மேல் போக வேண்டாம்.