டிச் பட்டனா, வெல்க்ரோவா, விங் நட்டா? பண்டிகை அலங்காரக் கேள்வி-பதில்

கொலுவோ கிறிஸ்துமஸோ, வீட்டில் செய்யும் அலங்காரத்தைக் கழற்றி எடுத்து வைத்து அடுத்த வருஷமும் மாட்ட வேண்டும். அதற்கு என்ன வாங்குவது என்று கேட்பவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, அந்த இணைப்பு எந்தப் பக்கமாக இழுபடும் என்பதைத்தான். வெல்க்ரோ பக்கவாட்டு இழுப்பை நன்றாகத் தாங்கும், ஓரத்தைப் பிடித்து உரித்தால் விட்டுவிடும். காந்தம் நேராக இழுத்தால் கெட்டியாகப் பிடிக்கும், பக்கவாட்டில் வழுக்கும்.

டிசம்பர் 1 முதல் 24 வரை பிள்ளைகள் நாளுக்கொரு பொம்மை மாட்டுவதற்காக ஃபெல்ட் துணியில் மரம் தைத்தேன். வெல்க்ரோ இரண்டாவது வருஷமே பிடிக்கவில்லை. ஏன்? (காட்பாடி வாசகி)

வெல்க்ரோவின் சொரசொரப்பான பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொக்கிகளுக்கு நடுவே ஃபெல்ட் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரினால் கொஞ்ச நாள் பிடிக்கும், பிறகு மறுபடி அடைக்கும். ஃபெல்ட்டுக்கு வெல்க்ரோ ஒத்துவராது. ஜாக்கெட்டுக்குத் தைக்கிறோமே, அந்த டிச் பட்டன்தான் சரி. 24 ஜோடி போதும், தொலைவதற்கென்று நாலைந்து கூட வாங்குங்கள். 10 மில்லிமீட்டர் அளவு சின்னக் கைக்கு லேசாகக் கழன்று வரும். அதைவிடப் பெரிது வைத்தால் பிள்ளை இழுக்கிற இழுப்பில் துணிதான் கிழியும்.

முதலில் எல்லாப் பொம்மையின் முதுகிலும் குமிழ் உள்ள பாதியைத் தையுங்கள். குமிழின் நுனியில் தையல் சாக்கைத் தேய்த்து, பொம்மையை மரத்தில் வர வேண்டிய இடத்தில் வைத்து அழுத்துங்கள். அங்கே விழும் புள்ளிதான் குழிப் பாதியின் நடுப்புள்ளி. கண் மதிப்பில் தைத்தால் பொம்மைகள் கோணிக்கொண்டு நிற்கும். மரத்தின் பின்பக்கம் அந்தந்தப் புள்ளியில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கேன்வாஸ் வைத்து, அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். ஃபெல்ட் நெய்த துணி இல்லை. வெறும் நூல் தையல் அதில் நிற்காது, அறுத்துக்கொண்டு வந்துவிடும். மரத்தில் எல்லாம் குழி, பொம்மையில் எல்லாம் குமிழ் என்று வைத்தால் எந்தப் பொம்மையையும் எங்கேயும் மாட்டலாம்.

பை தைக்கும் சாமான் கடையில் அடித்துப் பொருத்தும் பிரஸ் பட்டன் வாங்கினேன். துணித் தோரணத்தில் அடித்தால் மூடி சுற்றுகிறது, சிலது கையோடு வந்துவிடுகிறது. (ஆம்பூர் வாசகர்)

உங்கள் ஊர்க் கடையில் கிடைப்பது தோலுக்கென்றே செய்தது. காரணமும் அதுதான். இதில் நான்கு துண்டு: மூடி, குழி, குமிழ், அடிக்கால். மூடிக்கும் அடிக்காலுக்கும் உள்ள தண்டு தோலின் கனத்துக்கு ஏற்ற நீளம். இரண்டு மடிப்புக் காட்டன் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மீதித் தண்டு சுருண்டு மடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், அதனால்தான் மூடி சுற்றுகிறது. துணிக்கு நடுவே தோல் வெட்டுத்துண்டை வட்டமாக நறுக்கி வையுங்கள். ஆம்பூரில் அதற்கா பஞ்சம்!

ஓட்டை தண்டு இறுக்கமாக நுழையும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். கத்தரியால் வெட்டினால் பெரிதாகிவிடும், பன்ச் வைத்துப் போடுங்கள். அடிக்கும் அச்சு செங்குத்தாக, கீழே இரும்புக் கட்டை. ஒரே போடாகப் போடாமல் மூன்று அளவான அடி. அடித்த பிறகு உள்ளே பாருங்கள், தண்டு வளையமாகச் சுற்றிலும் சமமாக மடிந்திருந்தால் நிற்கும். இன்னொன்று, பட்டன் அளவை ‘லைன்’ கணக்கில் சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம். 20 லைனும் 24 லைனும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒன்றின் குமிழ் மற்றதன் குழியில் சேராது.

இரும்பு ஆங்கிளில் கொலுப்படி. வருஷா வருஷம் ஸ்பேனர் தேடியே பொழுது போகிறது. எல்லாவற்றுக்கும் விங் நட் (விரலாலேயே திருகும், இரண்டு இறக்கை வைத்த நட்) போடலாமா? (குடியாத்தம் வாசகர்)

எல்லாவற்றுக்கும் வேண்டாம். கால்களும் முதல் சட்டமும் சேரும் மூலைகளில் சாதாரண நட்டே இருக்கட்டும். விரல் முறுக்கு அங்கே போதாது, மரப்பாச்சியும் செட்டியாரும் ஏறியதும் படி ஆடும். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட்தான் இருக்கும், அதற்கு 13 நம்பர் ஸ்பேனர். ஸ்பேனரை ஆங்கிளிலேயே கயிற்றில் கட்டி வைத்துவிடுங்கள். குறுக்குச் சட்டம், விளக்குக் கம்பி, பின் திரைக்கு விங் நட் தாராளமாகப் போடலாம், அடியில் வாஷர் கட்டாயம். கழற்றும்போது போல்ட்டை அதே துளையில் விட்டு நட்டை இரண்டு சுற்று ஏற்றிவிட்டால் ஒன்றும் தொலையாது.

படிமேல் விரிக்கும் துணிக்கு வெல்க்ரோ நல்லது. சொரசொரப்பான பக்கம் பலகையில், மெத்தென்ற பக்கம் துணியில். மாற்றி வைத்தால் துவைக்கும்போது பட்டுச் சேலையை எல்லாம் இழுத்துவிடும். துணியில் தைக்கப் பசை இல்லாத வெல்க்ரோ கேட்டு வாங்குங்கள், பசை உள்ளது மெஷின் ஊசியில் ஒட்டிக்கொண்டு நூலை அறுக்கும்.

சுவரில் ஒட்டி இழுத்துக் கழற்றும் பட்டை வாங்கினோம். ராத்திரியே தோரணம் கீழே. (சத்துவாச்சாரி வாசகி)

சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டினால் சுண்ணாம்போ டிஸ்டம்பரோ, எந்தப் பட்டையும் நிற்காது. பட்டை ஒட்டுவது பொடியில்தான், சுவரில் இல்லை. ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு ஏன் சுவரைப் பிடிக்கிறீர்கள்? அது இரும்பு என்றால் எஸ் கொக்கியும் பைண்டர் கிளிப்பும் போதும்.

எமல்ஷன் சுவரென்றால் ஒட்டுமுன் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, அரை நிமிஷம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்துப் பாரம் ஏற்றுங்கள். கழற்றும்போது வாலைச் சுவரோடு ஒட்டினாற்போலக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். முன்பக்கமாக இழுத்தால் பெயிண்ட்டும் சேர்ந்து வரும்.

மொட்டைமாடியில் தொங்கவிடும் அட்டை நட்சத்திரம். பல்பு மாற்றவும் மடித்து வைக்கவும் ஒரு பக்கம் திறக்க வேண்டும். (ஆற்காடு வாசகர்)

கால் விரித்து மடக்கும் பித்தளைப் பின், திறக்கும் ஓரத்தில் நான்கு விரலுக்கு ஒன்று. துளையில் முதலில் ஐலெட் (ஓட்டையின் ஓரத்தைக் காக்கும் சின்ன உலோக வளையம்) அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடி ஆடி அட்டை கிழியும். நட்சத்திரத்தின் பாரம் மின்சார ஒயரில் தொங்கக் கூடாது, தனி நைலான் கயிறு வேண்டும். உள்ளே எல்இடி பல்பு மட்டும். பழைய குண்டு பல்பின் சூடு அட்டையைக் கருக்கிவிடும்.

பட்டனுக்குப் பதில் குட்டி நியோடிமியம் காந்தம் வைக்கலாமா? (வாலாஜாபேட்டை வாசகி)

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். இரண்டை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்துத் துளையே போட்டுவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். பெரியவர்கள் மட்டும் உள்ள வீடென்றால் கைப்பைக்கு வைக்கும் காந்தப் பட்டன் வாங்குங்கள். அதன் இரண்டு காலையும் துணிக்குப் பின்னால் வாஷரில் நுழைத்து வெளிப்பக்கமாக மடித்துவிடலாம், பசையே தேவையில்லை.