கவண்பொறியின் கை ஏன் முறிகிறது?

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகன் அறிவியல் கண்காட்சிக்காக வீட்டுப் பின்பக்கம் மரத்தில் கவண்பொறி செய்தான். சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டி வீசியதில் கைச்சட்டம் முறிந்துவிட்டது. இன்னும் கனமான மரம் வாங்கலாமா?
– ஒரு வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: வேண்டாம். கனமான சட்டத்தைத் தூக்குவதிலேயே டியூபின் பலம் போய்விடும். முறிந்த இடத்தைப் பாருங்கள். குறுக்குக்கட்டையில் மோதும் இடமாகத்தான் இருக்கும். பந்து பறந்த பிறகு சட்டத்தில் மிஞ்சும் வேகம் முழுக்க அங்கேதான் இறங்குகிறது. டியூபை விட்டுவிட்டு, எடை கீழே விழும் வேகத்தில் வீசும் பொறியாக மாற்றச் சொல்லுங்கள். அதில் மோதக் கட்டையே கிடையாது. கை ஆடி அடங்கிவிடும்.

கைக்கு 5 அடி நீளம், 2 அங்குல அகலம், 1 அங்குல கனமுள்ள ரீப்பர் போதும். கணு இல்லாததாகப் பொறுக்கி வாங்குங்கள். ஒரு முனையிலிருந்து 1 அடி தள்ளி, அகலத்தின் நடுவில் 12 மி.மீ. அச்சுக்கம்பிக்குத் துளை போடுங்கள். அச்சு தரையிலிருந்து 3 அடி உயரத்தில் இருக்கட்டும். தாங்கும் கால்களை ஆணியால் அடிக்காதீர்கள், குலுக்கலில் கழன்றுவிடும், 8 மி.மீ. போல்ட், வாஷர் போட்டு முடுக்குங்கள்.

டென்னிஸ் பந்து 58 கிராம் இருக்கும். அதுபோல 100 மடங்கு, அதாவது 6 கிலோ எடை தேவை. 5 லிட்டர் தண்ணீர் கேனில் முக்கால் பங்கு காய்ந்த மணல் கொட்டினால் சரியாக வரும். கைப்பிடியை நம்பாமல் கேனையே சுற்றி நைலான் கயிறு கட்டிக் குட்டை முனையில் தொங்கவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. நீள முனையில் தலை வெட்டிய ஆணி ஒன்று 1 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அரம் போட்டு வழவழப்பாக்குங்கள். பழைய ஜீன்ஸ் துணியில் பந்து வைக்க ஒரு பை தைத்து, இரண்டு பக்கமும் மூன்றரை அடிக் கயிறு கட்டுங்கள். ஒரு கயிற்றைக் கைச்சட்டத்தின் நீள முனையில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். இன்னொன்றின் நுனியில் வளையம் போட்டு ஆணியில் சும்மா மாட்டுங்கள். சட்டம் சுழலும்போது வளையம் நழுவிப் பந்தை விடும். பந்து செங்குத்தாக ஏறினால் வளையம் சீக்கிரம் நழுவுகிறது. ஆணியை வீசும் திசையில் கொஞ்சம் வளையுங்கள். முன்னால் தரையில் குத்தினால் தாமதமாக நழுவுகிறது, நிமிர்த்துங்கள். ஒவ்வொரு தடவையும் மயிரிழை அளவு மாற்றினால் போதும். பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

பின்கட்டில் 2 கிலோவுக்கு மேல் எடை வேண்டாம், பந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். முழு எடையை ஆள் இல்லாத மைதானத்தில் விடியற்காலையில் பாருங்கள். கல் வைக்கவே கூடாது. குறி தப்பினால் பந்து பின்னாலும் பாயும் என்பதால், 10 அடிக் கயிற்றால் பக்கவாட்டில் நின்றுதான், சட்டத்தைக் கீழே பிடித்து வைத்திருக்கும் கொக்கியை இழுக்க வேண்டும். மழை ஈரத்தில் துளை ஊறி அச்சு இறுகினால், கம்பியில் மெழுகுவத்தியைத் தேய்த்து மாட்டுங்கள்.