லாத்தாகிட்ட கேளுங்க: கிச்சன்லயே போற ரமலான்

ரமலானுக்கு முந்தின மாசம், ஷஅபான், பாதி தாண்டிருச்சு. மொட்டை மாடில மிளகாய் காயுது, பள்ளிவாசல்ல வெள்ளையடிக்கிறாங்க, இந்த வாரம் உங்க லாத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, வந்த லெட்டர் அத்தனையும் நோன்பு பத்திதான்.

கேள்வி: லாத்தா, ரமலான் நெருங்க நெருங்க எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, எனக்கு மட்டும் வயித்தக் கலக்குது. வீட்டுல மாமா, மாமி, மச்சான் (என் வீட்டுக்காரர்), கொழுந்தன் ரெண்டு பேரு, புள்ளைங்க மூணு. ராத்திரி மூணு மணிக்கு எழும்பினா நோன்பு வைக்கிற ஸஹர் சாப்பாடு, அப்புறம் பாத்திரம், சாயங்காலம் அஸர்லேர்ந்து வடை சமோசா, மஃரிபுக்கு நோன்பு திறந்த அப்புறம் மறுபடி பாத்திரம். எல்லாரும் தராவீஹ் ராத்தொழுகைக்குக் கெளம்பிடுவாங்க, நான் சிங்க் முன்னாடி நிப்பேன். போன வருஷம் ஒரு குர்ஆன் கூட முடிக்கல. இவ்ளோ கொடுத்த அல்லாஹ்வுக்கு நான் நன்றி கெட்டவளா ஆயிட்டேனா?
ஒரு சகோதரி, மேலப்பாளையம்

பதில்: தங்கச்சி, சலிப்பு வேற, நன்றி கெட்டத்தனம் வேற. இடுப்பு வலிக்குதுன்னு சொல்றவ அல்லாஹ்வைக் கொறை சொல்லல, இடுப்பு வலிக்குதுன்னுதான் சொல்றா.

நபியவங்க சொன்னது, செஞ்சதத் தொகுத்த புகாரி, முஸ்லிம்ங்கற நூல் ரெண்டுலயும் ஒரு ஹதீஸ் வருது. நபி (ஸல்) அவங்களோட ஒரு பயணம், கொளுத்துற வெயில், நிழலுக்குத் தலைமேல புடிக்கிற துணிதான். கூட வந்த தோழர்கள், சஹாபாக்கள்ல கொஞ்ச பேரு நோன்பு, கொஞ்ச பேரு நோன்பில்ல. எறங்கின எடத்துல நோன்பாளிங்க அப்படியே சுருண்டு விழுந்துட்டாங்க, நோன்பு இல்லாதவங்க எழும்பி கூடாரம் அடிச்சு, ஒட்டகத்துக்கெல்லாம் தண்ணி காட்டினாங்க. அதைப் பாத்துட்டு நபியவங்க, இன்னைக்கு நோன்பு இல்லாதவங்க கூலிய அள்ளிட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. நீங்களோ நோன்பும் வச்சுக்கிட்டு கூடாரமும் அடிக்கிறீங்க, உங்க நன்மைக் கணக்க எழுதுற வானவங்க, மலக்குமாரு எப்படி எழுதுவாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

ஆனா இதப் படிச்சுட்டு உங்க மச்சான், பாத்தியா கிச்சன்லதான் உனக்கு சொர்க்கம்னு கால நீட்டிப் படுத்துடக் கூடாது. அவருக்கும் புகாரில பதில் இருக்கு. நபியவங்க வீட்டுல இருந்தா என்ன செய்வாங்கன்னு அவங்க மனைவி ஆயிஷா நாயகிகிட்ட கேட்டாங்க. வீட்டு வேலையில ஒத்தாசையா இருப்பாங்க, தொழுகை நேரம் வந்தா தொழப் போவாங்கன்னு சொன்னாங்க. வீட்டு வேலை முதல்ல வருது பாருங்க, தொழுகைக்குப் போனது அந்த வேலையிலேர்ந்து எழுந்துதான். இந்தப் பக்கத்தக் கிழிச்சு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிடுங்க.

இன்னொண்ணு. மனுஷங்களுக்கு நன்றி சொல்லாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னவனா ஆக மாட்டான்னு ஒரு ஹதீஸ், அபூதாவூத், திர்மிதிங்கற ஹதீஸ் நூல்கள்ல இருக்கு. நம்ம ஆளுங்க நோன்பு திறந்து, ஆறு வடைய உள்ள தள்ளி, அல்ஹம்துலில்லாஹ்னு ஏப்பம் விட்டு, தொப்பிய மாட்டிக்கிட்டு தராவீஹுக்கு ஓடுவாங்க, அந்த வடையச் சுட்டவ பக்கம் திரும்பி ஒரு வார்த்தை வராது. ஷுக்ர்ல, அதாவது நன்றியில, பாதிய சாப்பாட்டு மேசையிலயே விட்டுட்டுத்தான் பள்ளிக்குப் போறாங்க, இத நான் எத்தன வருஷமா சொல்றேன்.

அப்புறம் அந்த வடை. தினமும் எண்ணெய் சட்டி வைக்கணும்னு யாரு சொன்னா? நபியவங்க பேரீச்சம்பழத்துல நோன்பு திறந்தாங்க, அது இல்லன்னா சில மிடறு தண்ணில. சமோசா ஸுன்னத் இல்ல! வாரத்துல ரெண்டு நாள் வடை, மத்த நாள் பள்ளிவாசல் கஞ்சியும் பழமும்னு இப்பவே மாமிகிட்ட பேசி முடிவு பண்ணுங்க, பிறை பாத்ததுக்கு அப்புறம் பேசினா சண்டைதான் வரும். கொழுந்தன் ரெண்டு பேருக்கும் கை இருக்குல்ல, ஸஹர் பாத்திரம் அவங்க பொறுப்பு.

குர்ஆன் முடிக்கலன்னு ரொம்ப வருத்தப்படாதீங்க. எங்க உம்மா ஸஹருக்கு சோறு வடிக்கிறப்ப பாக்காமலே குர்ஆன்ல யாஸீன் சூரா ஓதிக்கிட்டு இருப்பாங்க, உலை பொங்கினா நிறுத்துவாங்க, அடுப்ப சிம்ல வச்சுட்டு விட்ட ஆயத்துலேர்ந்து (வசனத்துலேர்ந்து) திரும்ப ஆரம்பிப்பாங்க. எனக்கு யாஸீன் மனப்பாடம் ஆனது மதரஸாவுல இல்ல, அந்த அடுப்படியில தூக்கக் கலக்கத்தோட உக்காந்து கேட்டுத்தான்.

கேள்வி: போன ரமலான்ல பீரியட்ஸ்ல விட்ட நோன்பு ஆறு இன்னும் அப்படியே கிடக்கு லாத்தா. கேக்கவே வெக்கமா இருக்கு.
பேர் வேணாம், கீழக்கரை

பதில்: வெக்கம் எதுக்கு? விட்ட நோன்ப ஷஅபான்லதான் திரும்ப வச்சு ஈடு கட்ட, களா செய்ய முடிஞ்சுதுன்னு ஆயிஷா நாயகியே சொல்லியிருக்காங்க. ஆறு நாள்தானே, நாளைக்கே மனசுல எண்ணம், நிய்யத் வையுங்க.

கேள்வி: உம்மாவுக்கு 68 வயசு, சுகர், இன்சுலின் போடுறாங்க. டாக்டர் நோன்பு கூடவே கூடாதுன்னுட்டாரு. போன வருஷம் எங்களுக்குத் தெரியாம வச்சு மயங்கி விழுந்துட்டாங்க. கேட்டா, அல்லாஹ் குடுத்த உசுருக்கு நான் நன்றி காட்ட வேணாமான்னு அழறாங்க. நான் ஷார்ஜால இருக்கேன், ஃபோன்ல எப்படி புரிய வைக்கிறது?
ஒரு தம்பி, அதிராம்பட்டினம்

பதில்: தம்பி, குர்ஆன்ல பகரா சூராவோட 185வது ஆயத்த உம்மாவ முழுசா ஓதச் சொல்லி, அர்த்தத்த நீங்க சொல்லுங்க. ரமலான்ல குர்ஆன் இறங்கினது, அந்த மாசத்துல நோன்பு வைக்கணும்ங்கறது, நோயாளியும் பயணியும் வேற நாள்ல வச்சுக்கலாம்ங்கறது, எல்லாம் அதுல இருக்கு. அல்லாஹ் உங்களுக்கு லேசத்தான் நாடுறான், கஷ்டத்த நாடலன்னு சொல்லிட்டு, நீங்க நன்றி செலுத்துறவங்களா ஆகணும்னு ஆயத் முடியுது. ரெண்டு ஆயத் முன்னாடி, நோன்பு கடமைன்னு சொன்ன 183, தக்வாவுல, இறையச்சத்துல முடியும். சலுகை சொன்ன இந்த ஆயத்துதான் நன்றியில முடியுது. உம்மா கேக்குற அதே நன்றிதான். அந்த சலுகைய வாங்கிக்கறதும் ஷுக்ர்தான்னு சொல்லுங்க, நம்ம வீட்டுக்கு வந்தவங்க நாம குடுத்தத வேணாம்னு தள்ளிட்டா நமக்கு எப்படி இருக்கும்.

குணமாகாத நோய்னா நாளுக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடு, ஃபித்யா. சட்ட வழியப் பொறுத்து, ஷாஃபிஈக்கு ஒரு முத்து, அதாவது ரெண்டு கை சேத்து அள்ளுற அளவு, தானியம், ஹனஃபிக்குக் கணக்கு வேற, உங்க பள்ளி இமாம் ஹஜரத்கிட்ட கேட்டுக்கோங்க. பணமா அனுப்பிட்டு விட்டுடாதீங்க, அத உம்மா கையாலயே குடுக்க வைங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, அவங்க அழறது பசியா இருக்க முடியலன்னு மட்டும் இல்ல, வீடே ஒண்ணா இருக்கற மாசத்துல தான் மட்டும் வெளிய நிக்கிறோமேன்னும்தான். ஸஹருக்கு அவங்களையும் எழுப்பச் சொல்லுங்க. மஃரிப் பாங்கு சொன்னதும் பேரப்புள்ளைங்களுக்கு மொத பேரீச்சம்பழம் அவங்க கையால போகட்டும்.

கேள்வி: எங்க தெரு பசங்க சேந்து வருஷா வருஷம் நாப்பது வீட்டுக்கு ரமலான் கிட் குடுக்குறோம். வாங்கிக்கிட்டு நன்றியா ஒரு ஜஸாக்கல்லாஹ் கூட சொல்றதில்ல லாத்தா.
ஒரு வாசகர், வாணியம்பாடி

பதில்: மனுஷங்களுக்கு நன்றி சொல்லணும்னு மேல மேலப்பாளையம் பதில்ல சொன்னது வாங்குறவங்களுக்கு. குடுக்குறவங்களுக்குத் தனி ஆயத் இருக்கு, 76வது சூரால 9: உங்ககிட்ட கூலியும் வேணாம், நன்றியும் வேணாம். அப்புறம் கிட்டோட நிக்க வச்சு போட்டோ எடுக்குற பழக்கம் இருந்தா நிறுத்துங்க, அவங்க வாய் தொறக்காததுக்கு அதுவே காரணமா இருக்கலாம்.

கேள்வி: நான் இந்துப் பொண்ணு. சின்ன வயசுல தெரு முக்கு பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி வாங்கிட்டு வருவேன். இப்ப 45 வயசுல அதே தெருவுக்குத் திரும்ப வந்திருக்கேன், போய் கேக்க கூச்சமா இருக்கு. கேக்கலாமா மேடம்?
கும்பகோணம் வாசகி

பதில்: மேடமா, லாத்தான்னே கூப்புடுங்க. தாராளமா கேக்கலாம், கஞ்சிக்கு பச்சரிசிய 2001லேர்ந்து தமிழ்நாடு அரசு பள்ளிவாசல்களுக்குக் குடுக்குது, அந்த அண்டாவுல உங்க வரிப்பணமும்தான் கொதிக்குது. அஸர் தொழுகை முடிஞ்சு அஞ்சு மணி வாக்குல தூக்குச்சட்டியோட போங்க, சின்னப் பசங்க வரிசைல நிப்பாங்க, நீங்களும் நில்லுங்க. சில நாள் கறி போட்டுருப்பாங்க, வேணாம்னா ஊத்துறவர்கிட்ட மொதல்லயே கேட்டுக்கோங்க. தூக்குக்கு மூடி இருக்கட்டும், கஞ்சி நல்லா சூடா இருக்கும்.